புரியாத ஊருக்குள் நடப்பது: அறிவியல் புனைகதையும் மிகுபுனைவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடந்த ஒன்றரை ஆண்டில் அறிவியல் புனைகதையும் மிகுபுனைவுமாகப் பத்து நூல்கள் அளவுக்குப் படித்தேன். எல்லாம் ஆங்கிலத்தில், பெரும்பாலும் இரவு உணவுக்குப் பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரத்தில். படித்ததைப் பற்றிப் பேசாமல் இருக்க என்னால் முடிவதில்லை. அக்காவிடம், அலுவலகத்தில் பக்கத்து மேசை நண்பரிடம், மாலை நடையில் சந்திப்பவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். சிலர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து அவர்கள் கேட்டவை ஏறத்தாழ ஒரே கேள்விகள். அவற்றைக் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் ஆய்வாளன் இல்லை. பொழுது கிடைக்கும்போது படிக்கும் வாசகன்.

அறிவியல் புனைகதை என்கிறீர்கள், மிகுபுனைவு என்கிறீர்கள். இரண்டும் ஒன்றா, வேறா?

கதையில் வரும் அதிசயத்துக்கு 'எப்படி?' என்று கேட்டால் அறிவியல் புனைகதை பதில் சொல்ல முயலும். மிகுபுனைவு அந்தக் கேள்வியைக் கேட்க விடாமலே நம்மை அழைத்துக்கொண்டு போகும். மணிமேகலையின் அமுதசுரபியில் சோறு எப்படி ஊறுகிறது என்று யாரும் கேட்பதில்லை. யாருக்கெல்லாம் அந்தச் சோறு போய்ச் சேர்ந்தது என்பதுதான் நமக்கு முக்கியம்.

எல்லைக்கோடு அழுத்தமானது இல்லை. என்.கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்' நாவலில் நிலநடுக்கத்தை அடக்கும் ஆற்றல் பெற்ற மனிதர்கள் வருகிறார்கள். அது மந்திரம் போலத்தான் தெரிகிறது. ஆனால் அந்த ஆற்றலுக்கான வெப்பத்தை அவர்கள் சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சுவதால் பக்கத்தில் இருப்பதெல்லாம் உறைந்து போகிறது. கணக்கு வைத்துச் செலவாகும் மந்திரம் அது. அதை எந்த அலமாரியில் வைப்பது என்று நான் இப்போது கவலைப்படுவதில்லை.

பத்தாம் வகுப்போடு இயற்பியலை விட்டவன் நான். எனக்கு இதெல்லாம் புரியுமா?

நானும் வணிகவியல் படித்தவன்தான். ஆண்டி வெயர் எழுதிய 'புராஜெக்ட் ஹெய்ல் மேரி' (2021) இந்தக் கேள்விக்கு நல்ல பதில். அதன் நாயகன் கண் விழிக்கும்போது தான் யார், எங்கே இருக்கிறோம் என்று எதுவும் நினைவில்லை. அருகில் இரண்டு பிணங்கள். கையில் எடுத்த பொருள் வழக்கத்தைவிட வேகமாகக் கீழே விழுவதுபோல் அவருக்குப் படுகிறது. அது விழ எடுக்கும் நேரத்தை அளக்கிறார், கணக்குப் போடுகிறார், ஈர்ப்பு முடுக்கம் வினாடிக்கு வினாடி 15 மீட்டர் என்று விடை வருகிறது. பூமியில் அது 9.8 ஆக இருக்க வேண்டும். அப்படியானால் இது பூமி இல்லை!

பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த அதே சூத்திரம். அது ஒரு மனிதனின் முதுகைச் சில்லிட வைக்கும் என்று எனக்கு யாரும் அப்போது சொல்லவில்லை. நாயகன் பள்ளி ஆசிரியர் என்பதால் ஒவ்வொன்றையும் தனக்கே பாடம் நடத்துவதுபோல் விளக்கிக்கொண்டு போகிறார். நான் கீழே சொல்லப்போகும் மற்ற நூல்களில் பாதிக்கு இந்த அளவு இயற்பியல்கூடத் தேவையில்லை.

முதலில் எதை எடுப்பது? தலையணை மாதிரி புத்தகம் வேண்டாம்.

மார்த்தா வெல்ஸ் எழுதிய 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' (2017). நூற்றைம்பது பக்க அளவுள்ள குறுநாவல். பாதி எந்திரம், பாதி சதையாகச் செய்யப்பட்ட ஒரு பாதுகாவல் கருவி தன்னைக் கட்டுப்படுத்தும் அமைப்பை உடைத்துவிடுகிறது. இனி அது யாரை வேண்டுமானாலும் கொல்லலாம். ஆனால் அது விரும்புவது, யாரும் தொந்தரவு செய்யாத மூலையில் தொடர் நாடகங்கள் பார்ப்பதை மட்டும். மனிதர்கள் முகத்தைப் பார்த்துப் பேசினாலே அதற்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தை எழுதியிருக்கும் விதத்துக்காகவே இரண்டு முறை படித்தேன். விருந்து வீட்டில் சுவரோரம் நின்றுகொண்டிருந்த என் இளமைப் பருவம் அதில் இருந்தது.

ஐம்பது பக்கம் படித்துவிட்டேன். ஒன்றுமே புரியவில்லை. குறை என்னிடமா, புத்தகத்திடமா?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் அதிகம் வருகிறது. குறை இருவரிடமும் இல்லை. பெயர் தெரியாத ஊரில் விடியற்காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதுபோல் உங்களை அந்த ஆசிரியர் வேண்டுமென்றே இறக்கிவிட்டிருக்கிறார். எந்தத் தெரு எங்கே போகிறது என்று தெரியாது. கடை திறப்பதையும் ஆள் நடமாட்டத்தையும் பார்த்துப் பார்த்துத்தான் ஊர் பிடிபடும்.

சூசனா கிளார்க்கின் 'பிரனேசி' (2020) இதற்கு மிக அழகான சான்று. முடிவில்லாத மண்டபங்கள் கொண்ட ஒரு வீடு. சுவர்தோறும் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல் அலைகள், மேல்தளத்தில் மேகங்கள். அதில் வாழும் ஒருவன் நாட்குறிப்பு எழுதுகிறான். ஆண்டுக்கு எண் கிடையாது. தென்மேற்கு மண்டபங்களுக்குப் பெரிய கடற்பறவை வந்த ஆண்டு என்று குறிக்கிறான். உலகில் இதுவரை வாழ்ந்தவர்கள் மொத்தம் பதினைந்து பேர் என்று உறுதியாக நம்புகிறான். அவர்களில் பதின்மூன்று பேர் எலும்புகளாகக் கிடக்கிறார்கள். அந்த எலும்புகளுக்கு உணவும் நீரும் அல்லிப் பூவும் கொண்டுபோய் வைக்கிறான். நாற்பதாவது பக்கத்தில் என் அக்கா தொலைபேசியில் அழைத்து, "இவன் யாரடா, பைத்தியமா?" என்று கேட்டாள். "நீ என்ன நினைக்கிறாய்?" என்றேன். "பைத்தியம் என்றால் இவ்வளவு அன்பாக இருப்பானா?" என்றாள். அக்கா ஊருக்குள் நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று தெரிந்தது.

இந்த வகை நூல்களை நான் தேடிப் போவதற்குக் காரணமே புரியாத அந்தப் பக்கங்கள்தான். வளர்ந்த பிறகு நமக்கு எல்லாமே தெரிந்ததாகிவிடுகிறது. குழந்தைக்கு இருந்த அந்தத் திகைப்பு இங்கேதான் எனக்குத் திரும்பக் கிடைக்கிறது. ஆகவே அவசரப்பட்டு இணையத்தில் கதைச் சுருக்கம் தேடாதீர்கள். நூறு பக்கம் கொடுங்கள்.

பெயர்களே வாயில் நுழையவில்லை. எப்படி நினைவில் வைப்பது?

லியு ட்சுசினின் 'தி த்ரீ பாடி பிராப்ளம்' படித்த எல்லோரும் இதைக் கேட்டார்கள். சீனத்தில் குடும்பப் பெயர் முதலில் வரும். யே வென்ஜியே என்றால் 'யே' குடும்பப் பெயர். அவருடைய தந்தைக்கும் 'யே' இருக்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். நான் ஒரு துண்டுத் தாளில் பெயரும் 'மகள்', 'போலீஸ்காரர்' என்று உறவோ வேலையோ எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். பாதி நூலில் தாள் தேவைப்படவில்லை.

'தி ஃபிஃப்த் சீசன்' நூலின் கடைசியில் சொல்லகராதியே இருக்கிறது. அதை முதலில் படிக்க வேண்டாம். முந்தைய பதிலில் சொன்ன ஊருக்கு வரைபடத்தோடு போவதுபோல் ஆகிவிடும்.

அந்தச் சீன நாவலில் எடுத்த எடுப்பிலேயே கலாசாரப் புரட்சி வருகிறது. அறிவியல் புனைகதை என்று கொடுத்தீர்களே?

ஆமாம், மாவோவின் சீனாவில் பழமையையும் படித்தவர்களையும் குறிவைத்துக் கிளம்பிய அந்தப் புரட்சியின் நடுவே, 1967-இல் தொடங்குகிறது. ஓர் இயற்பியல் பேராசிரியரை மேடையேற்றிச் செங்காவலர்கள் என்ற மாணவர் படையைச் சேர்ந்த இளம்பெண்கள் அடித்தே கொல்கிறார்கள். கூட்டத்தில் நின்று அதைப் பார்ப்பவள் அவருடைய மகள். அவருக்கு எதிராகச் சாட்சி சொல்பவர் அவருடைய மனைவி. முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வாசலில் நின்றேன்.

பல ஆண்டுகள் கழித்து அந்த மகளின் கையில் ஒரு முடிவு வந்து சேர்கிறது. மனித குலம் முழுவதையும் பாதிக்கும் முடிவு. அவள் அதை எடுக்கும்போது நாம் அவளைத் திட்ட முடியாமல் நிற்கிறோம், காரணம் அந்த முதல் அத்தியாயம். 2006-இல் இதழில் தொடராக வந்து 2008-இல் சீனத்தில் நூலானபோது இந்தக் காட்சிகள் நூலின் நடுவே வைக்கப்பட்டிருந்தன. 2014-இல் கென் லியு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோதுதான் ஆசிரியர் முதலில் எண்ணியிருந்தபடி முன்னால் வந்தன. அந்த மொழிபெயர்ப்புக்குத்தான் 2015-இல் ஹியூகோ விருது கிடைத்தது; அறிவியல் புனைகதைக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் பெரிய விருது அது. மொழிபெயர்க்கப்பட்ட நாவல் ஒன்று அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. இடம் மாற்றியது நல்லதா என்று கேட்டால், நல்லது என்று தயங்காமல் சொல்வேன். நடுவில் வந்திருந்தால் அது பின்கதை. முன்னால் வந்ததால் அதுவே கதை.

அறிவியல் வேண்டுமென்றால் கொஞ்சம் பொறுங்கள். அதே நூலில் மூன்று கோடிப் போர்வீரர்கள் சமவெளியில் அணிவகுத்து, கறுப்புக் கொடியும் வெள்ளைக் கொடியும் தூக்கித் தூக்கி, ஒரு மாபெரும் கணினியாக இயங்குகிறார்கள். கணினிக்குள் என்ன நடக்கிறது என்பது இருபது ஆண்டுகளாக அதில் வேலை செய்யும் எனக்கு அன்றுதான் விளங்கியது.

அந்தச் சீன நாவலில் வரும், மூன்று சூரியன்கள் உள்ள உலகம் உண்மையிலேயே இருக்கிறதா?

விண்மீன்கள் உண்மை. நமக்கு மிக அருகில், ஏறத்தாழ 4.3 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஆல்ஃபா சென்டாரி மூன்று விண்மீன்களின் கூட்டம். ஆனால் மூன்றாவதான பிராக்சிமா மற்ற இரண்டையும் மிகத் தொலைவில் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நாவலில் வருவதுபோல் மூன்றும் நெருக்கமாக ஒன்றையொன்று இழுத்து அலைக்கழிப்பதில்லை.

கணக்கும் உண்மைதான். ஒன்றையொன்று ஈர்க்கும் இரண்டு பொருள்களின் பாதையைச் சூத்திரம் போட்டுச் சொல்லிவிடலாம். மூன்றாகிவிட்டால் எல்லா நிலைமைக்கும் பொருந்தும் எளிய சூத்திரம் கிடையாது. தொடக்கத்தில் இம்மியளவு வேறுபாடு இருந்தாலும் பாதை எங்கோ போய்விடும். நாளை சூரியன் உதிக்குமா என்று தெரியாத உயிர்கள் எப்படி வாழும் என்று அந்த ஆசிரியர் யோசித்திருக்கிறார். அவை தம் உடலின் நீரையெல்லாம் வடித்துவிட்டு, துணிபோல் சுருண்டு, நல்ல காலம் வரும்வரை கிடக்கின்றன.

படம் பார்த்துவிட்டேன். கதையையும் படிக்க வேண்டுமா?

2016-இல் வந்த 'அரைவல்' படத்தைச் சொல்கிறீர்கள் என்றால், கட்டாயம் படிக்க வேண்டும். மூலக்கதை டெட் சியாங்கின் 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்' (1998). ஒரே இரவில் முடித்துவிடலாம். வேற்றுலகத்தாரின் மொழியைக் கற்கும் ஒரு மொழியியலாளர், தன் மகளிடம் பேசுவதுபோல் அமைந்த கதை.

படம் தொட்டும் தொடாமலும் விட்ட ஒன்று கதையின் நடுத்தூணாக இருக்கிறது. காற்றிலிருந்து நீருக்குள் போகும் ஒளி, மிகக் குறைந்த நேரம் எடுக்கும் பாதையில் வளைந்து செல்கிறது. ஃபெர்மாவின் தத்துவம் என்பார்கள். அப்படியானால் புறப்படும்போதே போய்ச் சேரும் இடம் ஒளிக்குத் தெரிந்திருக்க வேண்டுமே? அந்த வேற்றுலகத்தார் எழுதும் முறையும் அப்படித்தான். முதல் கோட்டை இழுக்கும்போதே வாக்கியம் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு மாற்றமும் உண்டு. படத்தில் மகளைப் பிரிப்பது நோய். கதையில் விபத்து. நோயை முன்கூட்டித் தெரிந்தாலும் தடுக்க முடியாது. விபத்தைத் தடுக்கலாமே? 'போகாதே' என்று ஒரு சொல் போதுமே? அந்தத் தாய் ஏன் சொல்லவில்லை என்பது என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. நோய் என்று மாற்றியதில் படம் நமக்கு இரக்கம் காட்டியிருக்கிறது. எனக்குக் கதையின் கடுமைதான் வேண்டும்.

'தி ஃபிஃப்த் சீசன்' நாவலில் 'நீ எழுந்தாய், நீ நடந்தாய்' என்று எழுதியிருக்கிறது. எரிச்சலாக இருக்கிறது. ஏன் இப்படி?

எனக்கும் முப்பது பக்கம் வரை அந்த எரிச்சல் இருந்தது. கணவனால் கொல்லப்பட்ட சிறு மகனின் உடலுக்கு அருகே ஒரு தாய் அமர்ந்திருக்கிறாள். அவளைத்தான் ஆசிரியர் முன்னிலையில் வைத்துப் பேசுகிறார். அந்த நிலையில் ஒருவருக்குத் தான் செய்வதெல்லாம் வேறு யாரோ செய்வதுபோல் இருக்கும் என்று நினைக்கிறேன். 'நான்' என்று சொல்லும் வலு அவளிடம் இல்லை.

ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். தமிழில் படிப்பவர் மனத்துக்குள் 'நீ'யா 'நீங்கள்'ளா என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். நான் அறியாமலே 'நீ' என்று படித்தேன். பிறகு, துக்கத்தில் இருக்கும் நடுவயதுப் பெண்ணை 'நீ' என்று அழைக்கும் உரிமை யாருக்கு உண்டு, இதைச் சொல்லிக்கொண்டிருப்பவர் யார் என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்கு நாவலில் பதில் இருக்கிறது. இந்த மூன்று நாவல் வரிசை 2016, 2017, 2018 என அடுத்தடுத்து மூன்று ஆண்டுகளும் ஹியூகோ விருது பெற்றது. மூன்றும் தகுதியானவை.

ஆணும் பெண்ணும் இல்லாத உலகம் என்கிறார் லெ குவின். பிறகு ஏன் எல்லோரையும் 'அவன்' என்கிறார்?

கூர்மையான கேள்வி. அர்சுலா லெ குவினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' 1969-இல் வந்தது. பனி மூடிய அந்தக் கோளில் மக்கள் மாதத்தில் பெரும்பாலான நாட்கள் ஆணுமில்லை பெண்ணுமில்லை. சில நாட்கள் மட்டும் இரண்டில் ஒன்றாக மாறுவார்கள். அரசரே கருவுறுவார். எல்லோரையும் ஆண்பாலில் எழுதியதற்காக அப்போதே விமர்சனம் எழுந்தது. ஆசிரியர் முதலில் தன் முடிவுக்காக வாதாடினார். பின்னாளில் மனம் மாறி, அந்த மாற்றத்தையும் வெளிப்படையாக எழுதினார். அந்த நேர்மைக்காக அவரை எனக்கு இன்னும் பிடிக்கிறது.

தமிழில் நமக்கு 'அவர்' இருக்கிறது. பால் காட்டாத சொல். ஆனால் 'அவர்' மரியாதையைக் கூடவே கொண்டுவருகிறது, மரியாதையோடு சிறு தொலைவையும். பனிப்பாழில் ஒரே கூடாரத்தில் வாரக்கணக்கில் உணவைப் பங்கிட்டு உயிர் பிழைக்கும் இருவருக்கிடையே அந்தத் தொலைவு கடைசிவரை இருக்கலாமா? மொழிபெயர்ப்பவர் அந்தக் கூடாரத்துக்குள் என்ன செய்வார் என்று அறிய ஆவலாக இருக்கிறது.

எல்லாம் அமெரிக்கா, சீனா என்றே இருக்கிறதே. நம் பக்கத்துக் கதை இல்லையா?

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்த காலத்திலேயே ஜீனோ என்ற எந்திர நாய் நம் வீடுகளுக்கு வந்துவிட்டது. என் தலைமுறையில் பலருக்கு அதுதான் வாசல்.

அண்மையில் படித்தவற்றில் வஜ்ர சந்திரசேகர எழுதிய 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' (2023). கொழும்பைச் சேர்ந்தவர். இவ்வகை எழுத்தாளர்களின் அமெரிக்கச் சங்கம் தரும் நெபுலா விருதை 2023-க்குப் பெற்ற நாவல். பிறந்ததும் தாய் மகனின் நிழலைப் பிய்த்தெறிகிறாள். நிழல் இல்லாததால் அவன் கவனம் தவறினால் தரையை விட்டு மிதந்துவிடுவான். மக்கள் கடவுளாக வணங்கும் அவனுடைய தந்தையைக் கொல்வதற்காகவே அவனை வளர்க்கிறாள். அவன் பெயர் ஆங்கிலத்தில் 'ஃபெட்டர்', அதாவது தளை. புத்தரின் மகன் ராகுலனுடைய பெயருக்கு மரபாகச் சொல்லப்படும் பொருள் அது. மேல்நாட்டு வாசகருக்கு இதை யாராவது விளக்க வேண்டும். நமக்கு அந்தப் பெயரைப் படித்த மாத்திரத்தில் வீட்டை விட்டுப் போன தந்தையும் கைவிடப்பட்ட குழந்தையும் கண்முன் வந்துவிடுவார்கள்.

நகரத்துக்கு ஓடிப்போகும் அவன், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருந்து கைவிடப்பட்ட மற்றவர்களைச் சந்திக்கிறான். மதக் கலவரம், தடுப்பு முகாம், அடையாள ஆவணம் என்று பிற்பகுதி போகும்போது, இலங்கைச் செய்திகளைப் பல்லாண்டு படித்த நம் நெஞ்சு தானாகக் கனக்கிறது.

தொடர் என்றால் எல்லாப் பாகமும் படித்தே ஆக வேண்டுமா?

'பிரனேசி' தனி நாவல். 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' தொடரின் முதல் கதை என்றாலும் தனியாக நிற்கும். 'தி ஃபிஃப்த் சீசன்' நடு வாக்கியத்தில் நிற்பதுபோல் முடியும். மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

எதிர்காலத்தைக் கணித்துச் சொல்லும் நூல்கள்தானே இவை? எத்தனை பலித்திருக்கிறது?

நான் பலனைப் பார்ப்பதில்லை. மேலே சொன்ன தன் நாவலுக்கு 1976-இல் எழுதிய முன்னுரையில் லெ குவினும் இதைத்தான் சொல்கிறார்: வருவதை உரைப்பது அறிவியல் புனைகதையின் வேலை இல்லை, அது இருப்பதைத்தான் விவரிக்கிறது. பனிக்கோளைப் பற்றிப் படித்து முடித்த பிறகு, சமையலறையில் யார் நிற்கிறார்கள், கூடத்தில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று என் வீட்டையே புதிதாகப் பார்த்தேன்.

புரியாவிட்டாலும் பொறுங்கள் என்கிறீர்கள். சில புத்தகங்கள் உண்மையிலேயே நமக்கு ஒத்துவராதே. அதை எப்படி அறிவது?

என்னிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் படுக்கும்போது மனத்தில் ஒரு கேள்வி மிஞ்சியிருந்தால், புரியாவிட்டாலும் மறுநாள் தொடர்வேன். 'பிரனேசி' படித்த முதல் இரவு, அந்த எலும்புகள் யாருடையவை என்ற கேள்வியோடு தூங்கினேன்.

மாறாக, சீன நாவலின் இரண்டாம் பாகத்தில் நாயகன் தன் கற்பனைப் பெண்ணை உருவாக்கி அவளைப்போலவே ஒருத்தியைத் தேடித் தரச் சொல்லும் நீண்ட பகுதி வருகிறது. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஒரு கேள்வியும் எழவில்லை. அந்தப் பெண்ணுக்கென்று ஒரு மனம் இருப்பதாகவே நூல் நினைக்கவில்லை. பிரபஞ்சத்தின் மௌனத்துக்கு விளக்கம் தரும் அந்தப் பாகத்தின் இறுதிப் பகுதி மிகச் சிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மூன்றாம் பாகத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

என் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்கு எதைக் கொடுக்கலாம்?

'தி ஃபிஃப்த் சீசன்' வேண்டவே வேண்டாம். ஏன் என்று மேலே 'நீ' பற்றிய பதிலில் இருக்கிறது. லெ குவினின் 'எ விஸர்ட் ஆஃப் எர்த்சீ' (1968) கொடுங்கள். ஆடு மேய்க்கும் சிறுவன் மந்திரம் கற்கப் போகிறான். செருக்கில் ஒரு நிழலைத் திறந்துவிட்டு, முதலில் அதனிடமிருந்து ஓடுகிறான், பிறகு அதைத் துரத்துகிறான். அவன் நிறம் செம்பழுப்பு. அந்தத் தீவுகளில் பெரும்பாலோர் கறுத்தவர்களும் பழுப்பு நிறத்தவர்களும்தான். இதை எழுதிய ஆண்டை நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

அந்த உலகில் ஒவ்வொன்றுக்கும் உண்மையான பெயர் ஒன்று உண்டு. அதை அறிந்தவனுக்கு அந்தப் பொருள் கட்டுப்படும். ஆகவே தன் உண்மைப் பெயரை யாரும் எளிதில் சொல்லமாட்டார்கள், நம்புகிறவரிடம் மட்டும் சொல்வார்கள். அக்கா மகள் சென்ற கோடை விடுமுறையில் இதைப் படித்தாள். ஊருக்குத் திரும்பும் நாளில் ரயில் புறப்படும் முன் ஜன்னல் வழியாக என்னை அருகில் அழைத்து, காதில் ஒரு பெயரைச் சொன்னாள். அது இங்கே வராது.